தகவல் மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள்

போட்டு ஒரு மழைகூடத் தாங்காத ரோட்டைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும், அந்தக் கோபத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுத உட்கார்ந்தால் "ரோடு ஏன் இப்படி இருக்கிறது, யார் பொறுப்பு?" என்றுதான் கை எழுதும். உருப்படியான பதில் வராது. "தாங்கள் கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், அப்படிச் சொல்ல அவர்களுக்கு இடமும் இருக்கிறது, ஏனென்றால் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பதிவைத்தான் தரச் சொல்கிறது, விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை.

அதனால் காகிதத்தைக் கேளுங்கள். இன்ன தெருவில் இன்ன தேதிக்குள் நடந்த பணியின் எஸ்டிமேட், பணி ஆணை, ஒப்பந்தம், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சான்றிட்ட நகல் கேட்க வேண்டும். இதில் எம்-புக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று பொறியாளர் அளந்து கையெழுத்துப் போட்டிருப்பது அதில்தான், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே நீள அகலத்தை அளந்து ஒப்பிட்டால் பாதிக் கதை தெரிந்துவிடும். மீதிக் கதைக்கு, பணியை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் இதே சட்டத்தின் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது. ஏனோ இதைக் கேட்பவர்கள் குறைவு.

கட்டணம் 10 ரூபாய், தமிழக அரசு அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தப்பான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் 5 நாளில் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். அப்புறம், முடிந்தால் தெருவில் நாலைந்து பேர் தனித்தனியாக மனு போடுங்கள், ஒரே ஆளை மிரட்டி வாபஸ் வாங்க வைப்பது சுலபம்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், கெடு தாண்டிய தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையும் அதில் சேருங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தக்க காரணம் இல்லாத தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை, மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கே அபராதம் விதிக்கலாம், ஆனால் ஆணையத்தில் விசாரணைக்கு வரவே வெகுகாலம் ஆகும் என்பதால் முதல் மேல்முறையீட்டிலேயே முட்டிப் பார்ப்பது நல்லது.

நகல் கைக்கு வந்ததும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். கிராமம் என்றால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் எம்-புக் அளவையும் நீங்கள் அளந்ததையும் வாசித்துக் காட்டி, மறு ஆய்வு வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். அந்தத் தீர்மானம் நோட்டில் எழுதப்பட்டதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள், வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் போடவே போடாதீர்கள்.