புரூதோனை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

"சொத்து என்பது திருட்டு" என்ற ஒரு வரியோடு, அதை எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோனை மூடி வைத்துவிடுகிறவர்கள் நிறைய. முதல்முறை நானும் அப்படித்தான் வைத்தேன். இருபது வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறவன் நான். அவரும் அச்சகத்தில் எழுத்துக் கோத்து, மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவர் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி எடுத்தேன்.

முதலில் அவருடைய அப்பாவைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரான்சில், பெசான்சோனில் 1809இல் பிறந்தவர் புரூதோன். பீர் காய்ச்சி விற்ற அப்பா, அடக்கவிலையோடு தன் கூலியைச் சேர்த்ததற்கு மேல் ஒரு காசு வாங்க மாட்டார். குடும்பம் நொடித்தது. பாடப்புத்தகம் வாங்க வழியில்லாமல் படித்த பையனுக்கு, நியாயமான விலை எது என்ற கேள்வி வீட்டிலேயே வந்துவிட்டது.

பிறகு 1840இல் வெளிவந்த 'சொத்து என்றால் என்ன?' நூலின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, நேராக மூன்றாம் அத்தியாயத்துக்குப் போங்கள். அங்கே லக்சர் தூண் வரும், எகிப்திலிருந்து பாரிசுக்குக் கொண்டுவந்த பெரிய கல்தூண். இருநூறு படைவீரர்கள் சில மணி நேரத்தில் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒரே ஆள் இருநூறு நாள் முயன்றால் நிறுத்திவிடுவானா? ஆனால் முதலாளி கொடுப்பது இருநூறு தனிக்கூலிதான். சேர்ந்ததால் பிறந்த பலத்துக்குக் கூலி எங்கே? இந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்து, நாலு பேரோடு சேர்ந்து நீங்கள் செய்த ஒரு வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு அவர் பிடிபட்டது இந்தப் பக்கத்தில்தான்.

இனிமேல் கையில் பென்சில் வேண்டும். அவர் இரண்டு சொற்களைப் பிரித்து வைக்கிறார்: ஒன்று சொத்துரிமை, இன்னொன்று பத்திர மொழியில் நாம் சொல்லும் அனுபோகம். உழுகிறவன் கையில் நிலமும் குடியிருப்பவன் கையில் வீடும் இருப்பது அனுபோகம். அதில் அவருக்குச் சண்டையில்லை. உழைக்காமலே குத்தகை, வாடகை, வட்டி வாங்கும் அதிகாரத்தைத்தான் திருட்டு என்றார். எங்கே எது வருகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் "நான் அராஜகவாதி" என்று அறிவிக்கிறார். நமக்கு அராஜகம் என்றால் அடிதடி. அவருக்கு அது ஆள்பவன் இல்லாத ஒழுங்கு.

1849இல் அவர் தொடங்கிய மக்கள் வங்கியையும், அன்றைய பிரெஞ்சு அதிபர் லூயி நெப்போலியனைத் தாக்கி எழுதியதற்காக அனுபவித்த மூன்றாண்டுச் சிறையையும் அதன் பிறகு படித்தால் போதும்.

ஒன்றை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பெண் ஆணுக்குக் கீழ் என்றே அவர் எழுதினார். எனக்கு இன்றும் ஆறாத இடம் அது. அதைக் கண்டித்து 1857இல் ஜோசப் தெஜாக் என்ற இன்னொரு அராஜகவாதி அவருக்கே ஒரு கடிதம் எழுதினார். அதையும் அடுத்ததாகவே படியுங்கள்.