மலையகத்தில் புத்தாண்டு மரதன்: ஏற்பாட்டுக் குழுக்கள் வழக்கமாக விடும் தவறுகள்

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் வழுக்குமரம், முட்டி உடைத்தல், தலையணைச் சண்டை எல்லாம் மைதானத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஏதாவது பிழையாகிப்போனாலும் சிரித்துவிட்டுப் போகலாம். மரதன் மட்டும்தான் பஸ்ஸும் லொறியும் ஓடுகிற வீதிக்கு இறங்குகிறது.

முதல் பிழை பெரும்பாலும் போஸ்டரிலேயே இருக்கும். ஏப்ரல் 13, 14 விடுமுறைதான். ஆனால் விஷு புண்ணிய காலமும் கைவிசேட நேரமும் வருடத்துக்கு வருடம் மாறும். பஞ்சாங்கம் பார்க்காமல் நேரம் போட்டால், மருத்து நீர் வைத்து முழுகுகிற நேரத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பீர்கள். அடுத்த வார இறுதிக்குத் தள்ளினால் கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். 15 அல்லது 16 தோதாக வரும். நுவரெலியா நகரம் என்றால் வசந்தகால வாகன நெரிசலில் பிரதான வீதியை மறந்துவிடுங்கள்.

ஆரம்பம் காலை 6.30. பிரமுகர் வந்து கொடி அசைக்கட்டும் என்று 9 மணிவரை பிள்ளைகளை நிற்க வைக்கக் கூடாது. வெயிலும் ஏறும், வாகனமும் கூடும். பிற்பகலில் வைத்தாலோ ஏப்ரலில் இடிமின்னல் மழை. பிரமுகர் பரிசு கொடுக்க வந்தால் போதும்.

8 கிலோமீற்றர் ஓட்டத்தை 'மரதன்' என்று அழைப்பது ஊர் வழக்கம், பரவாயில்லை (உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர்). ஆனால் தூரத்தைப் போஸ்டரில் போடுங்கள், அதையும் ஒழுங்காக அளந்து போடுங்கள். ஃபோனில் அளந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் கணக்கு பிசகும். சைக்கிள் போதும். டயரில் ஒரு கோடு போட்டு, ஏறி உட்கார்ந்தபடி 10 சுற்று உருட்டி, அந்தத் தூரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுத்தால் ஒரு சுற்றின் நீளம் கிடைக்கும். ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டில், வீதி ஓரத்திலிருந்து 30 சென்றிமீற்றர் தள்ளி ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். தூரம் குறைந்துவிடாமல் இருக்க, கிலோமீற்றருக்கு 1 மீற்றர் கூட்டிக்கொள்வது நல்லது.

இறக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். 150 பேர் ஒன்றாகப் பாய்ந்தால் முன்வரிசையில் ஒருவர் தடுக்கினால் போதும், பின்னால் வருகிறவர்களால் நிறுத்த முடியாது. முதல் 400 மீற்றர் சமதரையோ லேசான ஏற்றமோ வேண்டும். வெறுங்காலோடு ஓடுகிறவர்களும் இருப்பார்கள், ஆகையால் விடிகாலையில் முழுப் பாதையையும் நடந்து பாருங்கள். கொண்டாட்ட இரவுக்குப் பிறகு மதகுக் கட்டுகளைச் சுற்றி உடைந்த போத்தல் துண்டு கிடக்காமல் இருக்காது.

உயிராபத்து வளைவில்தான். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்பக்கமாக வெட்டி வரும். குறுக்கு வழி பார்த்து உள்ஓரத்தை ஒட்டி ஓடுகிறவர் சிக்குவது அந்த இடைவெளியில்தான். வளைவின் நடுவில் ஒரு தொண்டரை மட்டும் நிறுத்தினால், இரண்டு பக்கமும் தூரத்தில் வருகிற வாகனம் அவருக்குத் தெரியாது. மேலே ஒருவர், கீழே ஒருவர், வளைவுக்கு 40 மீற்றர் முன்னதாகச் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். ஒருவரையொருவர் பார்க்க முடியாத இடம் என்றால் சைகையைக் கடத்த நடுவில் மூன்றாமவர். பஸ்ஸை வளைவுக்கு முன்பே மறித்துவிட வேண்டும், உள்ளே நுழைந்தபின் மறித்துப் பயனில்லை. பொலிஸுக்குக் கடிதம் கொடுக்கும்போது இந்த வளைவுகளைக் குறித்த வரைபடத்தையும் சேர்த்துக் கொடுங்கள். தோட்டப் பாதை வழியே போனால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

இன்னொரு தொல்லை, கூட்டாளிமார் மோட்டார் சைக்கிளில் பக்கத்திலேயே போய்ச் சத்தம் போடுவது. புகையும் அடிக்கும், மற்றவர்களுக்கு வழியும் கிடைக்காது. யாருக்காகப் பைக் வருகிறதோ அவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார் என்று முன்கூட்டியே அறிவியுங்கள்.

பட்டாசு வெடித்துத்தான் ஆரம்பிக்க வேண்டுமா? குளவி கலைந்தால் கொட்டும். தேயிலை மலையில் குளவிக் கூடு எந்த மரத்தில், எந்தப் பாலத்தடியில் இருக்கும் என்று கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விசில் போதும். 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்கும்போது சொல்வதற்கு ஒவ்வொரு தண்ணீர் மேசைக்கும் ஓர் அடையாளப் பெயர் (கோயிலடி, ஸ்டோர் சந்தி) முன்கூட்டியே இருக்கட்டும்.

தண்ணீர் மேசை இறக்கத்தில் வேண்டாம், யாரும் நிற்கமாட்டார்கள். ஏற்றம் தொடங்கும் இடமே சரி. 150 பேருக்கு இரண்டு மேசை, தலைக்கு 150 மில்லிலீற்றர் என்றால் 45 லீற்றர். முடிவில் தலைக்கு அரை லீற்றர், 75. சிந்துவதையும் சேர்த்து 150 லீற்றர் பிடியுங்கள். வெறும் கப்புகளைக் காற்று அள்ளிக்கொண்டு போகும், வரிசை வருமுன்னே ஊற்றி வையுங்கள்.

வினோத உடைக்காரர்களைப் பிரதான ஓட்டத்தோடு கலக்காமல் 1 கிலோமீற்றர் தனியாக விடுங்கள். முகமூடியோடு இறக்கத்தில் ஓடக் கூடாது.

சண்டை வருவது முடிவுக் கோட்டில். ஒரே ஆள் நேரத்தையும் இலக்கத்தையும் எழுதப் பார்ப்பார். மூன்று பேர் சேர்ந்து வந்தால் குழம்பிவிடுவார். கோட்டுக்கு அப்பால் 1 மீற்றர் அகலம், 15 மீற்றர் நீளத்துக்குக் கயிறு கட்டி, வந்த வரிசையிலேயே நடக்க விடுங்கள். ஒருவர் நேரங்களை மட்டும் எழுதட்டும், இன்னொருவர் கயிற்றின் மறுமுனையில் இலக்கங்களை மட்டும் எழுதட்டும். ஒவ்வொரு பத்தாவது ஆளுக்கும் நேரம், இலக்கம் இரண்டையும் மூன்றாமவர் தனியாகக் குறித்து வைத்தால், நடுவில் ஒரு பெயர் விடுபட்டாலும் எங்கே பிசகியது என்று பிடித்துவிடலாம். பெண்களுக்குத் தனிப் பட்டியல் முதலிலேயே வேண்டும், கடைசியில் பிரித்தெடுக்க முடியாது.

ஆரம்பத்தில் 150 இலக்கம் கொடுத்து, முடிவில் 143 வந்தால் மீதி 7 பேர் எங்கே என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். பாதியில் நின்றவர்கள் தெரிந்தவர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். கடைசி ஆளின் பின்னால் வரும் முச்சக்கர வண்டியில் இருப்பவர் நின்றவர்களின் இலக்கங்களை அப்போதைக்கப்போது முடிவுக் கோட்டுக்கு அழைத்துச் சொல்லட்டும். அந்த வண்டி வந்து சேரும்வரை வளைவில் நிற்கும் தொண்டர்கள் தேத்தண்ணி குடிக்கப் போகக் கூடாது.