வண்டிப் பெயர்களை மொழிபெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார், கோச், டிரக், டிராலி போன்ற சொற்களுக்கு யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. நாள்தோறும் காதில் விழும் சொற்கள் என்பதால் பொருளும் தெரிந்ததே என்று எண்ணி மொழிபெயர்த்து விடுகிறோம். ஆனால் இவை பிரிட்டனில் ஒன்றையும், அமெரிக்காவில் மற்றொன்றையும், இந்தியாவில் வேறொன்றையும் குறிக்கக் கூடியவை. சாலைக்கு ஒரு பொருளும் தண்டவாளத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. மூலம் எந்த நாட்டில் எழுதப்பட்டது, பேச்சு சாலையைப் பற்றியதா ரயிலைப் பற்றியதா என்று பார்க்காமல் தொடங்குவதே முதல் தவறு.

இவற்றுள் அதிகக் குழப்பம் விளைவிப்பது 'போகி'. "மூன்று போகிகள் தடம் புரண்டன" என்று எழுதும்போது பயணிகள் அமரும் பெட்டியையே குறிக்கிறோம்; இந்திய ஆங்கிலத்திலும் அவ்வழக்கு வேரூன்றிவிட்டது. ரயில் பொறியாளருக்கோ போகி என்பது, பெட்டிக்கு அடியில் சக்கரங்களையும் அச்சுகளையும் சுருள்வில்களையும் தாங்கி, வளைவுகளில் தானும் திரும்பிக் கொடுக்கும் சட்டகம் மட்டுமே. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 1955 முதல் உருவாகிவரும் பயணிகள் பெட்டிகளில், வழக்கமாக ஒரு பெட்டிக்கு இரண்டு போகிகள், ஒரு போகிக்கு இரண்டு அச்சுகள், ஆக எட்டுச் சக்கரங்கள் இருக்கும். ஆகவே, ஆறாவது பெட்டியின் பின்புறப் போகி தடம் புரண்டதாக ஒரு விசாரணை அறிக்கை கூறினால், அப்பெட்டியின் பின்பக்கச் சக்கரத் தொகுதி தண்டவாளத்தை விட்டு இறங்கியது என்பதே பொருள். அதை 'கடைசிப் பெட்டி' என்று எழுதிவிட்டால், விபத்து தொடங்கிய இடமே மாறிப்போகும். தம் உறவினர் எந்தப் பெட்டியில் இருந்தார் என்று தேடும் குடும்பத்தையும் அது கலங்க வைக்கும். செய்தியில் 'பெட்டி' என்றே எழுதலாம். போகியைப் பொறியாளரின் பொருளுக்கு விட்டுவிடுவது நல்லது.

'கோச்' இந்தியாவில் பெரும்பாலும் ரயில் பெட்டி. பிரிட்டனில் நெடுந்தூரப் பேருந்தும் கூட. லண்டனில் 1932இல் திறக்கப்பட்ட விக்டோரியா கோச் நிலையம் பேருந்து நிலையமே. அதே பெயர் கொண்ட ரயில் நிலையம் அருகில் தனியாக இருப்பதால், இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் பிழை எளிதில் நேரும். அமெரிக்கர் ஒருவர் விமானத்தில் கோச்சில் வந்ததாகச் சொன்னால், சாதாரண வகுப்பில் வந்தார் என்று கொள்ள வேண்டும்.

'டிராலி' இன்னும் கவனம் கேட்கும் சொல். ஐவரைக் காக்க ஒருவரைப் பலியிடலாமா என்ற அறவியல் புதிரை 1967இல் எழுதிய பிரிட்டன் மெய்யியலாளர் பிலிப்பா ஃபுட், அதில் ஓடும் வண்டியை டிராம் என்றே குறித்தார். 1976இல் அதை விரித்தெழுதிய அமெரிக்கரான ஜூடித் ஜார்விஸ் தாம்சன் தம் நாட்டு வழக்கப்படி டிராலி என்றார். இதைத் தமிழில் 'தள்ளுவண்டி' ஆக்கினால் புதிரே குலைந்துவிடும், ஏனெனில் நிறுத்த முடியாமல் தண்டவாளத்தில் விரையும் வண்டியை வேறு தடத்துக்குத் திருப்ப மட்டுமே முடியும் என்பதில்தான் அதன் இக்கட்டு அடங்கியிருக்கிறது. மாறாக, இந்திய ரயில்வேயில் தண்டவாளத்தை ஆய்வு செய்ய ஊழியர்கள் தள்ளிச் செல்லும் டிராலிக்குத் தள்ளுவண்டி என்பது பொருத்தமான பெயரே.

அமெரிக்கர் வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் டிரக் பெரும்பாலும் பின்புறம் திறந்த சிறு பிக்அப் வண்டி. அதை லாரி என்று எழுதக் கூடாது. அங்கே பைக் பாதை என்பது சைக்கிள் பாதை. மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த அமெரிக்கக் குடும்பங்களின் வேகன்களை ரயில் வேகனாக எண்ணிவிடாமல், நமக்குப் பழகிய 'கூண்டு வண்டி' என்ற சொல்லால் குறித்தால் படிப்பவர் மனத்தில் சரியான உருவம் எழும்.

'கார்' என்ற சொல்லோ நம் ஊரிலேயே பொருள் மாறுகிறது. அமெரிக்க ரயில்களில் அது பெட்டி. சான் பிரான்சிஸ்கோவின் கேபிள் கார், தெருவுக்கு அடியில் ஓடும் கம்பிவடத்தைப் பற்றிக்கொண்டு தண்டவாளத்தில் செல்வது. பழனியின் ரோப் காரைப் போல அந்தரத்தில் தொங்குவதன்று. தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றிய ஆங்கில எழுத்துகளிலோ கார் என்பது தேர், கார் திருவிழா என்பது தேரோட்டம். திருநெல்வேலியின் ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்டைத் தமிழில் எழுதும்போது, 'கிழக்கு கார் தெரு' என்று புதிதாக ஒரு பெயரைப் படைக்காமல், ஊரார் வழங்கும் கீழ ரத வீதி என்ற பெயரையே எழுத வேண்டும்.