திருகோணமலையில் சொந்த ராப் லேபிள்: பீட் எடுப்பது முதல் கணக்குக் காட்டுவது வரை

லேபிள் தொடங்குகிறோம் என்று வரும் பெடியன்களிடம் லோகோ இருக்கும், இன்ஸ்டகிராம் பக்கம் இருக்கும், டீசேர்ட்டுக்கு டிசைன்கூடத் தயாராக இருக்கும். பாட்டின் மாஸ்டர், அதாவது பதிந்து முடித்த மூல ஒலி, யாருக்குச் சொந்தம் என்று கேட்டால்தான் ஆளை ஆள் பார்ப்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை எழுதிய தாள் ஒன்றும், வரவு செலவு எழுதிய கொப்பி ஒன்றும் இருந்தால் லேபிள் இருக்கிறது என்று அர்த்தம். பெயர் பிறகு வரட்டும்.

பீட்

பீட் என்பது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை. இணையத்தில் சில பத்து டொலருக்கு வாடகை போலக் கிடைக்கும் லீஸ் பீட் உங்களுக்கு மட்டும் விற்கப்பட்டதல்ல. அதே பீட்டில் வேறு நாடுகளில் பலர் பாடியிருப்பார்கள். வாங்கும் முன் லைசன்ஸ் தாளில் நான்கு விஷயம் பாருங்கள்: எத்தனை ஸ்ட்ரீம் (இணையத்தில் கேட்கப்படும் தடவை) வரை, எத்தனை வருடம் வரை, யூடியூப் விளம்பர வருமானம் எடுக்கலாமா, ஒரே ஒலியுள்ள வீடியோக்களைத் தேடிப் பிடிக்கும் யூடியூபின் கொன்டென்ட் ஐடியில் பதியலாமா. கடைசிக் கேள்விக்கு அநேகமாகக் கூடாது என்றே இருக்கும். அதை வாசிக்காமல், பாட்டை ஏற்றும்போது கொன்டென்ட் ஐடி பெட்டியில் டிக் போட்டால், அந்த பீட் ஒலிக்கும் எல்லா வீடியோவையும் யூடியூப் உங்கள் பெயரில் பிடிக்கத் தொடங்கும். பீட் செய்தவரின் சொந்த வீடியோகூட அதில் மாட்டும். முறைப்பாடுகள் குவிந்தால், பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித்தரும் விநியோக நிறுவனம் உங்கள் கணக்கையே மூடிவிடலாம்.

ஊரிலேயே கீபோர்ட் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து செய்வது நல்லது. பறை, உடுக்கு, தவில் என்று அடிப்பவர்கள் இங்கே குறைவில்லை. ஒரு பின்னேரம் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதிந்து வைத்தால், உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத சாம்பிள் உங்களிடம் சேரும். அவர்களுக்குக் காசு கொடுக்கும்போதே, இந்தப் பதிவைப் பாட்டுகளில் பாவிக்கலாம் என்று இரண்டு வரி எழுதி ஒப்பம் வாங்குங்கள். சினிமாப் பாட்டிலிருந்து வெட்டி எடுப்பதை விட்டுவிடுங்கள். ஏழு செக்கன் வரை எடுக்கலாம் என்று ஒரு கதை உலவுகிறது. அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. ஒலிப்பதிவுக்கு ஒருவரிடமும் மெட்டுக்கு இன்னொருவரிடமும் அனுமதி எடுக்கவேண்டும்.

குரல் பதிவு

திருமலையில் ஒலிப்பதிவுக்குப் பெரிய எதிரி காற்றுத்தான். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது கதவு யன்னல் எல்லாம் தாளம் போடும். மார்கழியில் வாடையோடு மழை தகரத்தில் விழும். கடல் பக்கம் பார்க்காத உள்ளறையாக எடுங்கள். கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் பாங்கும் நேரம் தெரிந்தவை, ஆகவே அவற்றுக்கு இடையில் பதியலாம். காகத்துக்கு நேரமில்லை, இரவுதான் வழி.

மெத்தையை மைக்குக்குப் பின்னால் சாத்துவது எல்லாரும் செய்யும் பிழை. குரலுக்கு வழக்கமாகப் பாவிக்கும் கார்டியொயிட் வகை மைக் தன் முதுகுப் பக்கம் அவ்வளவாகக் கேட்காது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைத்தான் பிடிக்கும். ஆகவே உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுங்கள். ஃபேனை நிறுத்தவேண்டும். வியர்க்கும், பரவாயில்லை.

சத்தமுள்ள வீட்டுக்கு ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் போதும். நான்கு விரல் தூரத்தில் நின்று பாடலாம். கொன்டென்சர் மைக் என்றால் இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) 48 வோல்ட் போடவேண்டும், ஒரு சாண் தூரம், நடுவில் மூச்சுக்காற்றைத் தடுக்கும் பொப் ஃபில்டர். உப்புக்காற்றும் ஈரமும் கொன்டென்சரின் உள்தகட்டில் படிந்தால் பதிவில் பொரிவது போல் சத்தம் கேட்கும். வேலை முடிந்ததும் ஸ்டாண்டில் விடாமல், இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். கேபிள் முனைகளில் பச்சை பிடித்தால் ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைக்கலாம்.

24 பிட்டில் பதியுங்கள். மிகச் சத்தமான வரி மைனஸ் 10 டெசிபல் அளவில் நிற்கட்டும். ஹெட்போனில் குரல் பிந்திக் கேட்டால் மென்பொருளில் பஃபரை (கணினி ஒலியைத் தேக்கிவைக்கும் அளவு) 128க்கு இறக்குங்கள்; மிக்ஸ் செய்யும்போது 512க்கு ஏற்றலாம். முழுப் பாட்டையும் இரட்டைக் குரலில் அடுக்கினால் சொற்கள் கலங்கிவிடும். வரியின் கடைசி இரண்டு சொல்லுக்கு மட்டும் இரட்டிப்பு போதும். குரலில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டுங்கள், ச, ஸ சீறினால் 5 முதல் 8 கிலோஹேர்ட்ஸ் பக்கம் அடக்குங்கள். ஸ்பொட்டிஃபை சாதாரண அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. இறுதி ஒலியை அதைவிடச் சத்தமாக அமைத்தால் குறைத்துத்தான் ஒலிக்கும். நசுங்கிய ஒலி மட்டும் மிஞ்சும். முடிந்ததும் போன் ஸ்பீக்கரில் ஒருதரம், ஓட்டோவில் ஒருதரம் போட்டுக் கேளுங்கள். ஓட்டோவில் சொல் விளங்கினால் எங்கும் விளங்கும்.

தாள்

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: வரியும் மெட்டும் ஒன்று, பதிந்த ஒலி மற்றது. இரண்டுக்கும் தனித்தனியாகச் சதவீதம் எழுதவேண்டும். வரியும் மெட்டும் பாடகருக்கு 50, பீட் செய்தவருக்கு 50. பதிவு முழுவதும் லேபிளுக்கு என்று எழுதுவதும் உண்டு, வேறு விதமாகவும் பேசலாம். அடையாள அட்டையில் உள்ள பெயர், பாட்டின் பெயர், திகதி, ஒப்பம். பாட்டு வெளிவருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஓடாத பாட்டுக்கு யாரும் சண்டை பிடிப்பதில்லை. ஓடிய பாட்டுக்குப் பிறகு ஒப்பம் வாங்குவது கஷ்டம்.

இலங்கையில் பதிப்புரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் உரிமை நிற்கும். லேபிளின் பெயர் வேறு விஷயம். தனிநபர் வியாபாரமாகத் தொடங்க உங்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவு போதும். நகரத்தில் இருப்பவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் செயலகம். கிராம அலுவலரிடம் முதலில் போய், என்னென்ன கடிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழ் கிடைத்தால் அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம். ஆனால் அது பெயரைப் பிறர் பாவிக்காமல் தடுக்காது. அதற்குத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறி எடுக்கவேண்டும்: ஒலிப்பதிவுகளுக்கு வகுப்பு 9, நிகழ்ச்சிகளுக்கு வகுப்பு 41. பத்து வருடத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு பாட்டாவது ஓடிய பிறகு இதற்குச் செலவழித்தால் போதும்.

ஏற்றுவது

விநியோக நிறுவனங்களில் இரண்டைப் பார்ப்போம். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா. சந்தா நின்றால், நிரந்தரமாக வைக்கத் தனிக்கட்டணம் கட்டாத பாட்டுகள் இறங்கிவிடும். ஆகக் குறைந்த திட்டத்தில் லேபிள் பெயரை உங்கள் விருப்பப்படி போடவும் முடியாது. சிடி பேபி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒருதரம் காசு வாங்கி, வருமானத்தில் 9 சதவீதம் எடுக்கிறது. வருடத்தில் எட்டுப் பத்துப் பாட்டு விடுபவருக்கு முதலாவது லாபம். இரண்டு பாட்டோடு நிற்பவருக்கு இரண்டாவது.

எதை எடுத்தாலும் கணக்கும் மின்னஞ்சலும் உங்கள் பெயரில் இருக்கட்டும். கனடாவில் இருக்கும் மச்சானின் கார்ட்டில் கட்டலாம். அவருடைய மின்னஞ்சலில் கணக்கைத் திறக்கக்கூடாது. பகையே வேண்டாம், அவர் கடவுச்சொல்லை மறந்தாலே மாஸ்டர் எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

வேவ் ஃபைல், 3000க்கு 3000 பிக்ஸல் அட்டைப்படம். படத்தில் போன் இலக்கமோ வேறு நிறுவன லோகோவோ இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் மேடைப் பெயரில் வேறொருவர் இருந்தால் பாட்டு அவர் பக்கத்தில் போய் விழும். ஏற்றும்போதே எது உங்கள் பக்கம் என்று தெரிவு செய்யுங்கள், முதல் பாட்டு என்றால் புதுப் பக்கம் கேளுங்கள். ஆங்கில எழுத்தில் பெயரை ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி எழுதவேண்டும். ஒரு எழுத்துக் கூடினாலும் இன்னொரு ஆளாகிவிடுவீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் வரும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். நிறுவனம் மாறும்போது பழைய இலக்கத்தையே கொடுக்காவிட்டால் சேர்ந்த ஸ்ட்ரீம் கணக்குப் போய்விடும்.

நான்கு கிழமை முன்னதாக ஏற்றுங்கள். ஸ்பொட்டிஃபை எடிட்டர்களுக்குப் பாட்டை அனுப்ப, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் இருக்கவேண்டும். வீடியோவை நம் நேரம் இரவு எட்டரைக்கு விட்டால், கோடையில் லண்டனில் பின்னேரம் நான்கு, டொரொன்டோவில் காலை பதினொன்று; ஊரும் வெளிநாடும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் அது.

12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை 2024 முதல் பதிவுரிமைக் காசு கொடுப்பதில்லை. அதற்காக ஸ்ட்ரீம் விற்பவர்களிடம் போகாதீர்கள். போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் விநியோக நிறுவனத்துக்குத் தண்டம், அது உங்கள் தலையில் வரும், பாட்டும் இறங்கும்.

யூடியூபில் விளம்பரக் காசுக்கு 1,000 சந்தாதாரர் வேண்டும்; அதோடு 12 மாதத்தில் 4,000 மணித்தியாலம் பார்வை, அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸில் ஒரு கோடி பார்வை. அந்தக் காசு சேரும் கூகிளின் அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த ஒரு பின் இலக்கம் தபாலில் வரும். முகவரியில் பிழை என்றால் கடிதம் எங்காவது நிற்கும், கொடுப்பனவும் நிற்கும். தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 100 டொலரில்தான் காசு வெளியே வரும். வரிப் படிவத்தில் இலங்கை–அமெரிக்க ஒப்பந்தச் சலுகையைக் கேளுங்கள். கேட்காவிட்டால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பங்கில் 30 சதவீதம் போகும்.

வீடியோவும் மேடையும்

கமெராவோடு கோட்டைக்குள் போய், படம் எடுக்க முடியாமல் திரும்பி வருபவர்கள் அதிகம். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போவது வேறு, அங்கே படப்பிடிப்பு வேறு. புறாத்தீவு தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் உள்ள ஊர் என்பதால் ட்ரோனைப் பதிவில்லாமல், அனுமதியில்லாமல் தூக்கவே வேண்டாம். அனுமதி வேண்டாத சந்தும் சந்தையும் இங்கே போதிய அழகு. தெருவில் மான் குறுக்கே வந்தால் கட் சொல்லாதீர்கள், அது இந்த ஊருக்கே உரிய காட்சி.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வாய்ப்பு சித்திரை முதல் புரட்டாதி வரை. மாசி, பங்குனியிலேயே போய்க் கதைத்துவிடுங்கள். 25 நிமிட நிகழ்ச்சி, குரல் இல்லாத பின்னணி ஃபைல்கள் இரண்டு பென்ட்ரைவில், பாதிக் காசு முற்பணம். வெளியரங்கு என்றால் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி யார் எடுப்பது என்று எழுத்தில் கேளுங்கள். இரவு 10 மணிக்கு நிறுத்தச் சொன்னாலும் உங்கள் சம்பளம் குறையக்கூடாது என்றும் எழுதுங்கள்.

இன்னொருவரைச் சேர்க்கும்போது

லேபிள்கள் உடைவது இங்கேதான். ஒரு பாட்டுக்கு மிக்ஸ் 15,000, வீடியோ 40,000, அட்டைப்படம் 5,000. மொத்தம் 60,000 ரூபா லேபிள் போட்டது என்று வையுங்கள். பாட்டு 100,000 ரூபா உழைத்தது. பங்கு பாதிக்குப் பாதி. செலவை முதலில் கழித்தால் மிஞ்சுவது 40,000, ஆளுக்கு 20,000. ஆனால் முதலில் பிரித்து, செலவைக் கலைஞரின் பங்கிலிருந்து மட்டும் கழித்தால், அவருடைய 50,000 முழுவதும் போய், இன்னும் 10,000 கடன் நிற்கும். இரண்டுக்கும் 'செலவு போக பாதிக்குப் பாதி' என்றே வாயால் சொல்வார்கள். எந்தக் கணக்கு என்று ஒப்பந்தத்தில் இதே போல் எண்களோடு எழுதுங்கள். எதைச் செலவில் சேர்க்கலாம் என்பதையும் எழுதவேண்டும். தேநீர்க் காசும் பெற்றோல் காசும் அதில் ஏறத் தொடங்கினால் நம்பிக்கை போய்விடும்.

உரிமையை ஆயுளுக்கும் எழுதி வாங்காமல் பாட்டுப் பாட்டாக ஐந்து வருடத்துக்கு எடுங்கள். அதன்பின் மாஸ்டர் பாடியவருக்கே திரும்பட்டும். சின்ன லேபிளுக்கு இது நட்டமில்லை, அடுத்த நல்ல குரல் நம்பி வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விநியோக நிறுவனத்தின் அறிக்கையை அப்படியே கலைஞருக்கு அனுப்புங்கள், நீங்கள் சுருக்கி எழுதியதை அல்ல. அவருடைய பங்கு 5,000 ரூபாவுக்குக் குறைவு என்றால் அடுத்த கணக்குக்குக் கொண்டுசெல்லலாம். அந்த எல்லையும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.