வலம்புரியா, இடம்புரியா? நம் கரையின் விந்தை உண்மைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலம்புரிச் சங்கை உயிரியல் படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். "இது இடப்பக்கம் வாய் திறந்த சங்கு" என்பார். வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கும் இடம்புரியைக் காட்டினால், "இதற்கு வாய் வலப்பக்கம்" என்பார். கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்த குடும்பத்தில் வளர்ந்தவன் நான். முதல் தடவை இதைக் கேட்டபோது, அவர் படித்த புத்தகத்தில் அச்சுப்பிழை என்றே வாதாடினேன்.

பிழை எதுவும் இல்லை. நாம் சங்கைத் தீர்த்தம் வார்க்கும் நுனி மேலே இருக்கும்படி பிடிக்கிறோம். அவர்கள் சுருள் கூம்பு மேலே இருக்கும்படி வைக்கிறார்கள். அதே சங்கைத் தலைகீழாகத் திருப்பினால் வாய் பக்கம் மாறிவிடும், அவ்வளவுதான். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேனே, அதுதான் முதல் தவறு. நம்ப முடியாத உண்மை ஒவ்வொன்றோடும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கும்: எப்படிப் பிடித்தால், எந்த மாதத்தில், எத்தனை அடி வரை. வாய்க்கு வாய் மாறும்போது விந்தை மட்டும் மிஞ்சி, நிபந்தனை உதிர்ந்துவிடுகிறது.

சங்கு விஷயத்தில் இந்தத் தவறுக்குக் காசும் போகிறது. என் சித்தப்பா பல ஆயிரம் கொடுத்து ஒரு வலம்புரி வாங்கி வந்தார். காதில் வைத்து "ஓங்காரம் கேட்குது பாரு" என்றார். எந்தச் சங்கை வைத்தாலும் கேட்கும்; காலிக் குவளையை வைத்தாலும் கேட்கும். சுற்றியிருக்கும் சத்தம்தான் உள்ளே மோதி எதிரொலிக்கிறது. நான் சங்கின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினேன். உள்தண்டு வழவழவென்று இருந்தது. நம் கடல் சங்கில் அந்தத் தண்டின்மேல் மூன்று நான்கு வரம்புகள் திருகியபடி ஓடும். விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படும். அமெரிக்கக் கரையில் வேறு ஒரு சங்கினம் இருக்கிறது. அதற்குப் பிறவியிலேயே வாய் வலம்புரிக்கு இருக்கும் பக்கம்தான். அங்கே அது அபூர்வமே இல்லை. அதைத்தான் இங்கே வலம்புரி என்று விற்கிறார்கள். வாங்குமுன் விரலை விட்டுப் பாருங்கள்.

மிதக்கும் கல்லும் இப்படித்தான். பார்த்ததும் ஒரு சாரார் "ஏதோ தந்திரம்" என்கிறார்கள், மறு சாரார் "இந்தக் கரையில் கிடக்கும் கல்லெல்லாம் மிதக்கும்" என்கிறார்கள். இரண்டும் தவறு. உள்ளே காற்றறைகள் நிறைந்த கல் மிதக்கும். 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது வெளிவந்த நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்தே போயின. நன்றாகக் காய்ந்த பவளக் கல்லிலும் சில மிதக்கும். ஆனால் நம் கரையில் கிடக்கும் பவளக் கல்லைத் தொட்டியில் போட்டால் பெரும்பாலும் அடியில்தான் போய் உட்காரும். போட்டுப் பார்க்க எடுத்து வந்துவிடாதீர்கள். பவளத்தை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடல் அட்டை ஆசனவாய் வழியாக மூச்சு விடுகிறது என்பதும், மிரண்டால் சில வகைகள் குடலையே வெளியே தள்ளிவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்ளும் என்பதும் உண்மை. "அதான் வளர்ந்துருமே" என்று அதைச் சீண்டுவது தவறு. அந்தக் குடல் வளரும்வரை அது தின்ன முடியாமல் கிடக்கும்.

உயிருக்கே ஆபத்தாக முடியும் தவறு ஒன்று உண்டு. தனுஷ்கோடிக்கு வருகிறவர்களிடம் "இந்தப் பக்கம் பெண்கடல், அந்தப் பக்கம் ஆண்கடல்" என்று சொல்லிக் காட்டுவோம். ஒரே மணல்திட்டு, வடக்கே பாக் நீரிணைப் பக்கம் குளம்போல் கிடக்கும், தெற்கே மன்னார் வளைகுடா அலையடிக்கும். உண்மைதான், ஆனால் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடை எழும்பினால் வடகடல்தான் சீறும், தென்கடல் அடங்கும். எந்தக் காற்றுக்கு எந்தக் கடல் என்று பார்த்துத்தான் இங்குள்ள மீனவர்கள் தொழிலுக்குப் போகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் வாடைக் காலத்தில்தான். பெண்கடல் என்ற பெயரை நம்பி மார்கழியில் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். தனுஷ்கோடிக் கரை முடியும் அரிச்சல்முனையில் எந்த மாதத்திலும் வேண்டாம். அங்கே நீரோட்டம் இழுக்கும்.

இன்னொரு விந்தை, இரண்டு பக்கமும் கடல் இருக்க, நடுவில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவது. நான் பார்த்த ஊற்றுக் குழி முழங்கால் ஆழம்கூட இல்லை. ஒரு ஆத்தா சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கலங்கல் அடங்கட்டும் என்று நடுவில் கொஞ்ச நேரம் கையைக் கட்டி உட்கார்ந்துவிடுவார். "இன்னும் ஆழமா வெட்டினா நெறைய ஊறுமே ஆத்தா?" என்று கேட்டேன். "வெட்டாத தம்பி, உப்பு ஏறிரும்" என்றார்.

அந்த ஒரு வரியில் முழு விளக்கமும் இருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அதிகக் கனம். மணலில் இறங்கிய மழைநீர் அந்த உப்புநீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டால் பயம் தெரியும்: மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஓர் அடி குறைத்தால், கீழிருந்து உப்பு அந்த நாற்பது அடியும் ஏறிவரப் பார்க்கும். "நல்ல தண்ணி இருக்கு, போர் போடலாம்" என்று இறங்குவதுதான் இந்தக் கரையில் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு என்பேன். கெட்ட ஊற்றை மீட்க ஒரு மழை போதாது.

புயலில் கடல் மேலேறி வந்துபோன இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். மேலிருந்து இறங்கிய உப்பை அடுத்தடுத்த மழைகள் கழுவித் தள்ளும்வரை, போன வருஷம் இனித்த ஊற்று என்று குடத்தை நிரப்பக் கூடாது. முதலில் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள்.