சின்ன பல் கிளினிக்கில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது எப்படி? (ஈரப் பவுச் தொல்லை உட்பட)

ஒரே அறையில் நாற்காலி, மூலையில் சிங்க், பக்கத்து மேடையில் ஆட்டோகிளேவ் (அழுத்த ஆவியால் கிருமி கொல்லும் மெஷின்). புதிதாகத் தொடங்கும் கிளினிக்குகளில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு. என்னுடையதும் அப்படித்தான். கிருமிநீக்கத்துக்குத் தனி அறை இல்லாவிட்டாலும் வேலையைச் சரியாகச் செய்யலாம், ஒழுங்கு மட்டும் பிசகக்கூடாது.

எந்தக் கருவியை எந்த அளவுக்குச் சுத்தப்படுத்த வேண்டும் என்ற ஸ்பால்டிங் வகைப்பாட்டை எல்லோரும் படித்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை. வாய்க்குள் போகிற பொருள் சூடு தாங்குமா? தாங்கினால் ஆட்டோகிளேவ். ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியது என்று அட்டையில் போட்டிருந்தால் குப்பை. இவ்வளவு போதும்.

படி 1: மேடையில் ஒரு கோடு

அழுக்குக் கருவி ஒரு முனையில் வந்து, சுத்தமான பவுச் (கருவியைப் போட்டு ஒட்டும் பேப்பர்-பிளாஸ்டிக் உறை) மறுமுனையில் போக வேண்டும். நடுவில் எங்கும் திரும்பி வரக்கூடாது. மேடையின் குறுக்கே ஒரு நிற டேப்பை ஒட்டிவிடுங்கள். கழுவும் வேலையெல்லாம் அதற்கு ஒரு பக்கம், உலர்த்திப் பவுச்சில் போடுவது மறுபக்கம். வாய்மொழியாக எத்தனை முறை சொன்னாலும் நிற்காத பழக்கத்தை அந்த டேப் நிறுத்தும்.

மேடை ரொம்பக் குட்டையா? இடத்தால் பிரிக்க முடியாததை நேரத்தால் பிரியுங்கள். முதலில் எல்லாவற்றையும் கழுவி முடித்து, மேடையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து, கையுறை மாற்றி, அப்புறம் பேக்கிங். கை கழுவும் சிங்க்கும் கருவி கழுவும் சிங்க்கும் மட்டும் ஒன்றாக இருக்கவே கூடாது.

படி 2: நாற்காலியிலிருந்து சிங்க் வரை

ஊசி, பிளேடு இரண்டையும் நாற்காலி பக்கத்திலேயே கழற்றிக் கூர்முனைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். மற்றவை மூடியுள்ள கெட்டிப் பெட்டியில் போகட்டும். உடனே கழுவ ஆள் இல்லையென்றால் என்சைம் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். ரத்தம் காய்ந்துவிட்டால் பிறகு தேய்த்தே கை ஓய்ந்துவிடும். ப்ளீச்சில் ஊறவைக்க வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது அரிக்கும். கழுவாத கருவியை குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் போடுவது இன்னும் மோசம். புரதத்தை அது உலோகத்தோடு ஒட்டவைத்துவிடும்.

படி 3: கழுவுதல்

தடித்த நைட்ரைல் கையுறை, கண்ணாடி, மாஸ்க், ஏப்ரன். நோயாளியைப் பார்க்கும்போது போடும் மெல்லிய கையுறையோடு இந்த வேலையில் இறங்க வேண்டாம், பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் ஸ்கேலரின் முனை ஒன்று போதும் அதைக் கிழிக்க.

கையால் தேய்ப்பதைவிட அல்ட்ராசோனிக் கிளீனரே (ஒலியதிர்வால் அழுக்கை உதிர்க்கும் தொட்டி) மேல் என்பது என் கட்சி. சுத்தம் ஒரு காரணம், கை குத்துப்படாதது அதைவிடப் பெரிய காரணம். கருவிகளைக் கூடையில் வைத்தே இறக்குங்கள், அடித்தட்டில் நேரே போடாதீர்கள். மூடியைப் போட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் அழுக்குத் துளிகள் காற்றில் பறக்கும். கரைசலைப் புதிதாக ஊற்றியதும் கருவி இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டால், கரைந்திருக்கும் காற்று வெளியேறும். கரைசலைத் தினமும் மாற்ற வேண்டும், அதற்குள் கலங்கினால் உடனே. மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் அலுமினியத் தாளைத் தொங்கவிட்டு ஓட்டிப் பாருங்கள். தாள் முழுக்கச் சீராகப் பொடிப்பொடிக் குழிகள் விழ வேண்டும்.

வெந்நீரில் முதல் அலசல் வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் போனால் ரத்தப் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பல் அடைக்கும் சிமெண்ட், காம்போசிட் ஒட்டியிருந்தால் நீளக் கைப்பிடி பிரஷால், தண்ணீருக்கு அடியிலேயே வைத்துத் தேய்க்கவும்.

அலசியபின் வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மிரரின் தலை தண்டோடு சேரும் மறைக்குள் பார்த்திருக்கிறீர்களா? கழற்றினால் பழுப்பாக ஒரு படலம் இருக்கும். ஃபோர்செப்ஸின் மூட்டும் அப்படித்தான். அழுக்குக்கு அடியில் இருக்கும் கிருமியை ஆவி தொடாது, ஆட்டோகிளேவ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் இந்தக் கூட்டத்தில் சேராது. அதை அல்ட்ராசோனிக்கில் போடக்கூடாது. நோயாளி முடிந்ததும் 20 முதல் 30 விநாடி தண்ணீரும் காற்றும் ஓடவிட்டு, வெளிப்புறம் துடைத்து, உற்பத்தியாளர் சொன்ன எண்ணெய் போட்டு, பவுச்சில் ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் போதும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹேண்ட்பீஸ் நிற்கும் நொடியில் வாயிலிருக்கும் திரவத்தை உள்ளே இழுக்கும். துடைப்பது உள்ளே போகாது.

படி 4: பவுச்

ஈரத்தோடு பவுச்சில் போடாதீர்கள். மூட்டுள்ள கருவி திறந்தே இருக்கட்டும். பவுச்சில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஒட்டும் மடிப்பைத் துளைக்கோட்டில் நேராக மடித்தால் பசை பாதி பேப்பரிலும் பாதி பிளாஸ்டிக்கிலும் விழும். கோணலாக மடித்தால் மூலையில் ஒரு சின்னச் சந்து திறந்திருக்கும், விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தேதியையும் லோடு எண்ணையும் (ஆட்டோகிளேவில் எந்தச் சுற்றில் போனது என்ற எண்) பிளாஸ்டிக் பக்கம் எழுதுங்கள். பேப்பர் பக்கம் பேனா குத்தும், மார்க்கர் மை உள்ளே ஊறும்.

பெரிய கேசட்டைவிட (கருவிகளை அடுக்கும் பெட்டி) சின்னப் பவுச்சில் மிரர், ப்ரோப், ட்வீசர் என ஒரு பரிசோதனை செட்டாகப் போடுவதே சின்ன இடத்துக்கு வசதி.

படி 5: ஆட்டோகிளேவ், அதைவிட முக்கியமாக உலர்த்தல்

மேசை ஆட்டோகிளேவ்களை ஈஎன் 13060 என்ற ஐரோப்பியத் தரம் என், எஸ், பி என்று பிரிக்கிறது. என் வகை, பவுச் இல்லாத கெட்டிக் கருவிக்கு மட்டும். பவுச்சில் போட்டது, ஹேண்ட்பீஸ் போல உள்துளை உள்ளது எல்லாவற்றுக்கும் பி வகை. பி வகை, ஆவி விடும் முன்பே காற்றை வெற்றிடப் பம்பால் உறிஞ்சிவிடும். குக்கரில் ஆவி நன்றாக வந்தபிறகுதானே வெயிட் போடுகிறோம்? காரணம் அதேதான். காற்று உள்ளே தங்கினால் அழுத்தம் காட்டும் அளவுக்கு வெப்பம் இருக்காது. வாங்கப் போகிறீர்கள் என்றால் பி வகைக்குக் காத்திருந்தாவது வாங்குங்கள்.

பி வகையில் வழக்கமாக 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம், அல்லது 121 டிகிரியில் 15 நிமிடம். இது கிருமி கொல்லும் நேரம் மட்டும். சூடேறுவதும் உலர்வதும் தனிக்கணக்கு. வெற்றிடப் பம்பு இல்லாத பழைய வகையில் பவுச் சுமைக்கு அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 121 டிகிரியில் 30 நிமிடம் சொல்கிறது. தண்ணீர் டிஸ்டில்டாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் கருவியில் வெள்ளைப் புள்ளி, மெஷினின் உள்ளறையான சேம்பரில் உப்புப் படிவு.

சரி, ஈரப் பவுச்சுக்கு வருவோம். மெஷின் 'முடிந்தது' என்று கூவுகிறது, திறந்தால் பவுச் நசநசவென்று இருக்கிறது. ஏன்? ஆவி குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகும்போது தன் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. கிருமி சாவது அந்தச் சூட்டில்தான். அந்த நீரை விரட்டத்தான் உலர்த்தும் சுற்று. அது அரைகுறையானால் ஈரப் பேப்பர் வழியே வெளிக்கிருமி உள்ளே ஊறிவிடும்.

பவுச்சைப் படுக்கவைத்து அடுக்கியிருந்தால் இது நிச்சயம். ரேக்கில் நிமிர்த்தி வையுங்கள், ஒன்றின் பேப்பர் முகம் அடுத்ததன் பிளாஸ்டிக் முகத்தைப் பார்க்கட்டும், நடுவே ஆவி புக இடைவெளி வேண்டும். கனமான ஃபோர்செப்ஸ் கீழ்த்தட்டில். மேலே வைத்தால் அதிலிருந்து சொட்டுவது கீழே இருப்பதையும் நனைக்கும். சேம்பர் சுவரில் பவுச் படக்கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தும் ஈரம் என்றால் வடிகால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். முடிந்ததும் சூடான பவுச்சை எடுத்துச் சில்லென்ற கல் மேடையில் வைத்தால் உள்ளே மறுபடி வியர்க்கும், ரேக்கிலேயே ஆறட்டும்.

நனைந்த பவுச்சை ஃபேனுக்கடியில் காயவைத்து அலமாரியில் வைக்கலாமா? கூடாது. பிரித்து, புதுப் பவுச்சில், முழுச் சுற்று மறுபடி.

பெரும்பாலும் உலர்த்தலைப் பாதியில் வெட்டுவது அவசரம்தான். அடுத்த நோயாளி உட்கார்ந்திருக்கிறார், செட் இல்லை, கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஆகவே கையில் காசு இருந்தால் இரண்டாவது மெஷினுக்கு முன் இன்னும் சில பரிசோதனை செட் வாங்குங்கள். ஈரப் பவுச் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

படி 6: நம்பாமல் சோதித்தல்

பவுச் மேல் ஒட்டும் ஆட்டோகிளேவ் டேப்பின் கோடு கறுத்தால் அது சூட்டைப் பார்த்தது என்று மட்டும் பொருள். பவுச்சுக்குள் டைப் 5 இண்டிகேட்டர் என்ற சோதனைப் பட்டையைப் போட்டால், வெப்பம், நேரம், ஆவி மூன்றும் சேர்ந்து போதுமா என்று தெரியும். பி வகையில் ஹெலிக்ஸ் சோதனையும் (நீளக் குழாய்க்குள் ஆவி புகுகிறதா என்று பார்ப்பது) பழகுங்கள். வாரம் ஒருமுறை ஸ்போர் டெஸ்ட், அதாவது சூட்டில் எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகள் (ஸ்போர்) உள்ள குப்பியை லோடோடு ஓட்டி, பிறகு வளர்கிறதா என்று பார்ப்பது. ஆவிக்குப் பயன்படுவது ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ். ஆட்டோகிளேவில் போடாத ஒரு குப்பியையும் கூடவே வளர்க்க வேண்டும். அதில் வளர்ச்சி வராவிட்டால் சோதனையே செல்லாது. ஆட்டோகிளேவில் போன குப்பியில் வளர்ச்சி தெரிந்தால் மெஷினை நிறுத்தி, லோடு வைத்த முறையைச் சரிபார்த்து, மறுபடி சோதியுங்கள். திரும்பவும் வந்தால், கடைசியாகத் தேறிய சோதனைக்குப் பிந்திய பவுச் எல்லாம் திரும்ப உள்ளே போக வேண்டும். அதற்காகத்தான் லோடு எண்.

பிற்சேர்க்கை: துரு

துருவைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருந்தீர்கள். பழுப்புக் கறையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் வெறும் கறை, பெரும்பாலும் தண்ணீர்க் கோளாறு. அடியில் குழி தெரிந்தால் துரு, அந்தக் கருவியை விலக்கிவிடுங்கள். மற்றவற்றுக்கும் பரவும். கார்பன் ஸ்டீல் பர்கள் (ஹேண்ட்பீஸில் மாட்டும் குடையும் முனைகள்) ஆவியில் துருப்பிடிக்கும். அவற்றுக்கு உலர்வெப்பம்: 160 டிகிரியில் 2 மணி நேரம் அல்லது 170இல் 1 மணி நேரம். அதற்கான ஸ்போர் வேறு, பேசில்லஸ் அட்ரோஃபேயஸ்.

இன்னொன்று: யூவி பெட்டி, கொதிநீர்

யூவி பெட்டி, ஏற்கெனவே கிருமி நீக்கியதை வைத்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். நிழல் விழும் பக்கத்தில் அது ஒன்றும் செய்யாது. கொதிநீரில் ஸ்போர் சாகாது. 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் ஸ்போரும் சாக வேண்டுமென்றால் 10 மணி நேரம் மூழ்கியிருக்க வேண்டும், நெடியும் தாங்காது. சூடு தாங்காத பொருளுக்கு வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாரம் நடுவில் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. பவுச் நனைந்திருக்கும். மாற்றிவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள், லோடு புத்தகத்திலும் அதைக் குறித்துவையுங்கள்.