மாதிரித் தேர்வில் 41: நான் திருத்திக்கொண்டது

ஏசிசிஏ என்ற கணக்கியல் தொழில்முறைப் படிப்பின் பிசினஸ் அண்ட் டெக்னாலஜி தாளில் பெரிய கணக்கு எதுவும் வராது, ஒரு தடவை வாசித்தாலே போதும் என்று நினைத்துவிட்டேன். மாதிரித் தேர்வில் 41 தான் வந்தது. தேற 50 வேண்டும். அன்று ரொம்ப வருத்தமாக இருந்தது.

தவறிய கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். பெயர்கள் எல்லாம் தெரிந்திருந்தன, பொருள்தான் பதியவில்லை. குறிப்பாக, ஊழியர்களை எது ஊக்குவிக்கிறது என்று விளக்கிய மாஸ்லோவையும் ஹெர்ஸ்பெர்க்கையும் மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். சரி என்று, வேலை பார்த்த அலுவலகத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். மின்விசிறி ஓடாவிட்டால் எல்லோரும் முணுமுணுப்போம். ஓடுகிறதே என்று யாரும் கூடுதலாக உழைப்பதில்லை. இல்லாவிட்டால் அதிருப்தி, இருந்தாலும் ஊக்கம் தராது என்ற இந்த வகையில்தான் சம்பளத்தையும் ஹெர்ஸ்பெர்க் வைக்கிறார். அப்புறம் அது மறக்கவே இல்லை. நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்களை அவர்களின் அதிகாரம், அக்கறை இரண்டையும் வைத்துப் பிரிக்கும் மெண்டலோ கட்டத்தில் எங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியை வைத்தேன்: அதிகாரம் அதிகம், அன்றாட அக்கறை குறைவு, ஆகவே திருப்தியாக வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். 2 மணி நேரத்தில் 52 கேள்விகள். கடைசி 6 கேள்விகளுக்குத் தலா 4 மதிப்பெண். அங்கே போவதற்குள் களைத்துவிடுவேன். அதனால் அவற்றை முதலில் முடித்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடவில்லை. நிஜத் தேர்வில் 68 வந்தது.